இருபத்துநாலாம் இலக்கச் சட்டை

படிக்க வந்த இந்த வெள்ளைக்கார நாட்டில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, ஆட்களுக்குப் பெயருக்குப் பதில் இலக்கம் இருப்பது. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் உடுப்பறையில் எனக்குப் பகுதிநேர வேலை. அந்தச் சம்பளம் இல்லையென்றால் படிப்பும் இல்லை, மூட்டை கட்டவேண்டியதுதான். பின்னேரமானால் நெடுநெடுவென்று ஒருவன் வந்து "பதினொன்று" என்பான். நான் பதினோராம் இலக்கச் சட்டையை எடுத்து நீட்டுவேன். தாய் தகப்பன் ஆசையாய் வைத்த பெயர் அவனுக்கும் இருக்கும், எனக்குத்தான் தெரியாது.

வேலை இல்லாத நேரத்தில் நடைவழியில் தொங்கும் படங்களைப் பார்ப்பேன். அணியின் வரலாறு முழுவதும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. முதல் அணியில் ஏழே ஏழு பேர், முறுக்கிய மீசையும் முழங்கால் மூடிய காற்சட்டையுமாய். மண்டபம் இல்லாத அந்தக் காலத்தில் வைக்கோல் களஞ்சியம் ஒன்றில் விளையாடினார்களாம். பந்து வைக்கோலுக்குள் புதைந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோருமாகத் தேடுவார்களாம். பயிற்சியாளர் இதையெல்லாம் தன் பரம்பரைக் கதைபோலச் சொல்வார். சுவரின் முடிவில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் இருபத்துநாலாம் இலக்கச் சட்டை. அதைப் போட்டவன் கொரியாப் போரில் இறந்துபோனான். அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம் இருந்தது.

அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் அண்ணாவின் நினைவு வரும். யாழ்ப்பாணத்தை விட்டு, வட்டக்கச்சியில் காணி கிடைத்துக் குடியேறிய முதல் வருடம், காடு வெட்டும்போது பாலைமரம் சரிந்து அண்ணா போய்விட்டார். அம்மா ஒரு வருடம் யாருடனும் சரியாகக் கதைக்கவில்லை. பிறகு அக்காவுக்கு மகன் பிறந்தான். தருமலிங்கம் என்று அண்ணாவின் பெயரையே வைத்தோம். உயிரோடு இருப்பவரின் பெயரை எங்கள் வீட்டில் வைப்பதில்லை; போனவர்களுடையதைத்தான் வைப்போம். "தருமு, வாய்க்காலுக்கை இறங்காதை, வாடா இஞ்சாலை!" என்று அம்மா வயல் கரையில் நின்று கத்தியதைக் கேட்ட அன்றுதான் எங்கள் வீட்டுக்கு உயிர் வந்தது.

அணியின் ஆண்டுவிழா ஆட்டத்தன்று முதலாம் வருட மாணவன் ஒருவனின் சட்டை கிழிந்துவிட்டது. மாற்றுச் சட்டை எதுவும் அவன் உயரத்துக்குச் சரிவரவில்லை. நான் யோசிக்கவே இல்லை. அலுமாரியைத் திறந்து இருபத்துநாலைக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்று நெஞ்சு நிறைந்துதான் கொடுத்தேன். அவன் அதைப் போட்டுக்கொண்டு ஆட இறங்கினான். பழைய வீரர்கள் கைதட்டுவதை நிறுத்தினார்கள். விழாவுக்கு அழைக்கப்பட்டு முன்வரிசையில் இருந்த, அந்தச் சட்டைக்காரனின் தாய் எழுந்து நின்றார்.

பயிற்சியாளர் சட்டையைக் கழற்றச் செய்தார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று என்னிடம் சொல்லியும்விட்டார். நான் அந்தத் தாயிடம் போய் அண்ணாவின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பெயரைக் கூப்பிட்டால் யார் வருகிறார்?"

"அக்காவின் மகன்."

"உன் அண்ணா வரவில்லையே" என்றார்.

அவர் சொல்லித்தான் என் வேலை தப்பியது. அலுமாரித் திறப்பு மட்டும் பயிற்சியாளரின் பைக்குப் போய்விட்டது. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. போட ஆளிருக்க, ஒரு நல்ல சட்டையைப் பூட்டிவைத்து அழகு பார்க்கும் கல்நெஞ்சுச் சனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

போன வருடக் கடைசியில் அக்காவின் கடிதம் வந்தது. "தம்பி, எனக்கு மூண்டாவதும் பெடியன் பிறந்திருக்கிறான். அம்மா உன்ரை பேரையே வைக்கச் சொல்லிப்போட்டா. மகாதேவன் எண்டு வாய் நிறையக் கூப்பிட்டு எத்தினை வருசமெண்டு அழுதா. கோவிக்காதை."

கோபம் வரவில்லை. பயந்துபோனேன். கடிதத்தோடு நடைவழிக்குப் போய் அந்தக் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றேன். அந்தத் தாய் தன் மகனுடைய இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அப்படி ஒரு கல்நெஞ்சு வட்டக்கச்சியிலும் இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

இங்கே என் பெயரை யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. 'மகா' என்று பாதியில் விட்டுவிடுவார்கள். அங்கே அம்மா அதை முழுதாகக் கூப்பிடுகிறார். இந்நேரம் அந்தப் பெயருக்குப் பல் முளைக்கத் தொடங்கியிருக்கும்.