குரலுக்கு விட்ட வீடு

விளக்கு வைத்த பிறகு எங்கள் போர்ஷனில் ஒரு சத்தம் கேட்கும். சமையலறைப் பக்கம், ஆளே இல்லாத இடத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல. அதைச் சொல்லுமுன் தொழிலைச் சொல்லிவிடுகிறேன்: டெலிபோன் ஆபரேட்டருக்குக் குரல் மட்டும்தான் உண்டு, முகமும் கிடையாது, தெருவும் கிடையாது. 'நம்பர் ப்ளீஸ்' சொல்லியே தொண்டை கட்டிப்போன சகோதரிகளே, வாடகை வீட்டில் மூச்சை அடக்கிக் குடியிருப்பவர்களே, குழந்தை தூங்கிய நேரத்தில் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ட்ரங்க் கால்

அரிசி மண்டி முதலாளி ஒருவருக்குத் தினமும் மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டுத் தருவேன். முகம் பார்த்ததில்லை. அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தேன். என் கணவருக்குத் தர்மபுரியில் வேலை, வாரம் ஒருநாள்தான் வருவார். அம்மா இருக்கும் காலனிக்கோ என் ட்யூட்டி முடிந்த பிறகு பஸ் கிடையாது. டவுனில் நான் எந்தத் தெருப் பெண் என்று கேட்டவர்கள் வீட்டிலெல்லாம் போர்ஷன் 'நேத்துதான்' போயிருந்தது. முதலாளியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். தன் வீட்டிலேயே ஒரு போர்ஷன் காலி என்றார், தெருவைக் கேட்கவே இல்லை. கன்னியாஸ்திரீகள் பிரம்பால் திருத்திய என் இங்கிலீஷ் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"பேச்சைக் கேட்டாலே தெரியுதேம்மா, எப்படியாப்பட்ட குடும்பம்னு. வந்து சாவியை வாங்கிக்கோ."

டெட்டால்

நான் ட்யூட்டி முடிந்து எழுந்ததும், அடுத்து உட்காரும் சீனியர் அக்கா ஹெட்செட்டை டெட்டால் பஞ்சால் துடைப்பார். சுத்தக்காரி என்று மெச்சிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கழற்றித் தந்தால் அப்படியே மாட்டிக்கொள்வதை ஒருநாள் பார்த்துவிட்டேன். பிள்ளை பெற்றதிலிருந்து தலைவார நேரமில்லை, எண்ணெய்க்கு எங்கே போவேன்? ஏன் அக்கா என்று கேட்டே விட்டேன்.

"தப்பா எடுத்துக்காதே நிர்மலா, எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கெடையாது. தலை எண்ணெ வாடைதான் ஒத்துக்காது."

நடுக்கதவு

அந்தச் சத்தம் இதுதான். முதலாளி வீட்டுச் சமையலறைக்கும் எங்களுடையதற்கும் நடுவில் ஒரு கதவு. தாழ்ப்பாள் அவர்கள் பக்கம் மட்டும். விளக்கு வைத்ததும் அது 'கர்ரக்'கென்று விலகும். முதலாளியின் மனைவி, வீட்டுக்கார அக்கா, வந்து நிற்பார். எலுமிச்சம்பழம் கேட்டபடியே என் சட்டி மூடியைத் தூக்குவார். கறி தேடி வந்தவர்போல, கத்திரிக்காயைப் பார்த்தால் முகம் வாடிவிடும். மறுநாள் குலதெய்வம் எது என்று கேட்பார். நான் பால் பொங்குகிறது என்று ஓடுவேன்.

எனக்கு இருந்த பயத்தில், அம்மாவையே வீட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். அவள் இதே முதலாளி மண்டியில் அரிசி புடைப்பவள். அவள் கை படாத சோறு அந்த வீட்டில் ஒருவேளைகூட வேகவில்லை. ஆனாலும் பேரனைக் கோபுர வாசலில் வைத்துத்தான் பார்த்துவிட்டுப் போவாள்.

"ஊருக்கே லைன் போட்டுக் குடுக்கிற. நான் வந்தா மட்டும் லைன் எங்கேஜாடி?"

பத்து நாள்

நேற்றுக் குழந்தைக்கு ஜுரம். யாரோ சொல்லி, அம்மா தவிடு ஒட்டிய புடவையோடு மண்டியிலிருந்து நேராக ஓடி வந்துவிட்டாள். நடுக்கதவு விலகியது. அக்கா அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "இவ நம்ம மண்டியில பொடைக்கிறவ இல்ல? இங்க இன்னா வேலை?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "வேலைக்கு வந்தேங்க" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். பிள்ளை அவள் தோளைக் கட்டிக்கொண்டிருந்தது. "எங்கம்மாங்க" என்றேன். பத்து நாளில் காலி பண்ணச் சொல்லிவிட்டார் முதலாளி.

இன்று காலை எக்ஸ்சேஞ்ச் போர்டில் அவர் நம்பருக்கான விளக்கு எரிந்தது. மெட்ராஸ், அர்ஜென்ட். வீட்டைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அது வேற, இது வேறம்மா. உன் குரல் ராசி, போட்டதும் லைன் கெடைக்குது."

எங்கள் பக்கம்

போட்டுக் கொடுத்தேன். சாயந்திரம் கடைத்தெருவில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். ஜுரம் விட்ட பிள்ளையை அம்மா மடியில் வைத்துக்கொள்ள, நடுக்கதவின் எங்கள் பக்கம் நானே திருகி மாட்டினேன். இரண்டு திருகாணி கோணல். விளக்கு வைத்ததும் 'கர்ரக்'. கதவு ஆடியது, திறக்கவில்லை. "இன்னாம்மா, கதவு வரலையே?" என்றார் அக்கா. அம்மா முந்திக்கொண்டாள்.

"எங்கேஜுங்க!"

எங்களைப் பார்த்து இந்த ஊர் சாத்திய கதவுகளுக்குக் கணக்கில்லை; நாங்கள் உள்ளேயிருந்து தாழ் போட்டது இது ஒன்றுதான், அதுவும் இன்னும் ஒன்பது நாளைக்கு.