வீட்டுக்கு அடியில் போட்ட ஓட்டைகள்

போன வருடம் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓயத் தொடங்கிய நாட்களில், மன்னார் தீவின் கீரி என்ற ஊரின் கடற்கரையில் நடந்தது இது.

சண்டைக் காலத்தில் ஊர் ஊராக ஓடி வளர்ந்தவன் நான். எட்டாம் வகுப்பைத் தொடங்கினேன், முடிக்கவில்லை. பிறகு ஓட வேண்டிய தேவை போய்விட்டது. கால் மட்டும் அடங்கவில்லை. கலியாணம் முடித்த பிறகும் ஓரிடத்தில் நிலைக்க முடியாததால் வீட்டையே சில்லில் ஏற்றிக்கொண்டோம். பொக்ஸ் இரும்பில் ஒரு சட்டம், அதன்மேல் பலகையும் தகரமும் அடித்த சிறிய அறை, கீழே இரண்டு சில்லு. ஒரு பக்கம் படுக்கை, மறுபக்கம் அடுப்பு. யன்னலைத் திறந்துவிட்டால் அதுவே தேத்தண்ணிக் கடை. இழுப்பது லாண்ட்மாஸ்டர், வயல்காரர் வைத்திருக்கும் அதே இரண்டு சில்லு உழவு இயந்திரம். ஓட்டுகிறவன் வீட்டின் முன்பக்கம் குந்தியிருந்து, இயந்திரத்தின் நீண்ட கைப்பிடிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டையும் இயந்திரத்தையும் சேர்ப்பது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்பும், அதன் நுனியில் கொழுவும் ஆணியும்தான். அந்த இரும்பை நாங்கள் மூக்கு என்போம்.

அதைக் கட்டும்போது படகுக்காரன் புத்தியோடு கட்டிவிட்டேன். என் மனைவியின் அண்ணன் கீரியில் கடற்றொழில் செய்கிறவர். அவரோடு சேர்ந்து பைபர் படகுகள் ஒட்டிப் பழகியவன் நான். அந்த வேலையில் ஊசி நுழையும் ஓட்டையைக்கூட விடக்கூடாது. பொக்ஸ் இரும்பு உள்ளே கூடாக இருக்கும் அல்லவா? அதன் வாய்களையெல்லாம் மச்சானும் நானும் பைபர் வைத்து, ரெசின் பசை ஊற்றி அடைத்தோம். உப்புக் காற்று இனி எந்த வழியால் வரும் என்று பெருமையாகச் சிரித்தோம். ஒவ்வொரு கச்சானுக்கும் வெளிப்பக்கத்தைச் சுரண்டிப் புது வர்ணம் பூசினேன். பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

காற்று மாறியதும் கீரியில் சிலர் படகுகளோடு முள்ளிக்குளம் பக்கம் போய் வாடி என்னும் தற்காலிகக் குடிசை போட்டுத் தங்குவார்கள். நாங்களும் பின்னாலேயே போவோம். வாடி போடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இறங்கிய முதல் நாள் யாருடைய கையால் தேத்தண்ணி குடித்தார்களோ, அந்தப் பருவம் முழுக்க அந்தக் கடைதான். பிந்திப் போகிறவனுக்கு ஈ ஓட்டுகிற வேலைதான் மிஞ்சும். எங்கள் சாப்பாடு அந்த முதல் தேத்தண்ணியில் இருந்தது.

புறப்படுவதற்கு முன், மூக்கு கழன்றாலும் வீடு ஓடிவிடாமல் ஒரு சங்கிலி பூட்டலாம் என்று நினைத்து, மூக்கின் அடியில் துளை போட்டேன். துளைக்கும் ஊசியை வெளியே இழுத்தேனோ இல்லையோ, கடும் சாயத் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கொட்டியது.

"என்னப்பா, கேத்தில் கவுண்டு போச்சோ?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கணீரென்று வரவேண்டிய சத்தம், ஈர மணலைத் தட்டியது போல அமுங்கி வந்தது. இன்னொரு தட்டு. சுத்தியல் உள்ளே போய்விட்டது. வெளியே வர்ணம் மினுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கறள், அதாவது துரு, தின்று அப்பளம் போல ஆக்கியிருந்தது. அந்த மூக்கை நம்பித்தான் நான் முன்னால் இருக்கவும், அவள் காஸ் சிலிண்டரோடு உள்ளே இருக்கவும் ஆயத்தமாகி நின்றோம்.

மச்சான் வந்து குனிந்து பார்த்தார். "பழைய இரும்புக்காரனைக் கூப்பிடு. என்ர பின் அறை சும்மாதானே கிடக்கு, ரெண்டு பேரும் வந்து இருங்கோ. நீ என்னோட கடலுக்கு வா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ கழுத்தில் கயிறு விழுந்தது போல இருந்தது.

மனைவி மட்டும் அசையவில்லை. "அண்ணை, அந்த அறைக்கு யன்னல் இருக்கோ?"

"யன்னல் என்னத்துக்கு?"

"கடை போடத்தான். இல்லாட்டி எனக்கு அந்த அறை வேண்டாம்."

அதற்குப் பிறகு நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. அடியில் படுத்து, சட்டம் முழுவதையும் தட்டிக்கொண்டே போனேன். செத்த சத்தம் மூக்கில்தான். மற்ற இடங்களில் இரும்பு இன்னும் பேசியது. தண்ணீர் வந்த வழியும் தெரிந்தது. பலகையைப் பூட்டிய ஆணித் துளைகளால் உப்பு ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. நாங்கள் வாய்களை அடைத்து வைத்ததால் இறங்கியது வெளியேற முடியவில்லை. படகுக்குச் செய்த காவல் இரும்புக்குச் சிறையாகிவிட்டது.

மூக்கை வெட்டி எறிந்தோம். அதற்குப் பதிலாக, ஒரு பக்கம் திறந்த சனல் இரும்பை, திறந்த பக்கம் நிலத்தைப் பார்க்க வைத்து, வெல்டிங் பிடித்து ஒட்டினோம். ஈரம் வந்தால் நிற்க இடமில்லை. பிறகு வாய்களில் இருந்த ரெசினைக் கொத்தி எடுத்துவிட்டு, சட்டத்தின் அடிப்பக்கம் நெடுக நான் துளை போடத் தொடங்கினேன்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "டேய், ஆரும் தன்ர வீட்டுக்குத் தானே ஓட்டை போடுவானோ? வெயில் மண்டையில அடிச்சிட்டுதோ?"

"இது கடலில விடுற சாமான் இல்லை மச்சான். றோட்டில விடுறது."

"றோட்டிலயும் தாழும் போல கிடக்கு, நீ போடுற ஓட்டைக்கு!"

ஆனாலும் வலையிழுத்துவிட்டு வந்த ஆட்களை அவர்தான் கூட்டி வந்தார். படகைக் கரையேற்றுவது போலத் தோள் கொடுத்து, ஒரே மூச்சில் வீட்டின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கி முட்டுக் கொடுத்தார்கள். பின்பக்கத் துளைகளால் கறள் தண்ணீர் ஓடி, மணலில் சிவப்பாகக் கோடு போட்டது. எல்லோரும் கூச்சல் போட்டோம்.

அதோடு உப்பு போய்விடாது. உள்ளே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நாங்கள் நின்ற இடத்துக் கிணறு உவர். குடிக்கக் கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊற்றினேன். "நான் தலை முழுகக் கேட்டால் இல்லை, இரும்புக்கு முழுக்காட்டோ?" என்று முறைத்துக்கொண்டே அவளும் வாளி வாளியாகத் தந்தாள். வெயிலில் நன்றாகக் காயவிட்டு, வள்ளம் என்னும் மரப்படகுகளுக்குப் பூசும் மீனெண்ணெயை உள்ளே ஊற்றி, வீட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்து எங்கும் ஓடவிட்டோம். வெளியே கறளை மினுங்க மினுங்க உரசி, காற்று விழுந்த நேரம் பார்த்து, உப்புப் படியும் முன்பே சிவப்புப் பூச்சு அடித்தோம். மூக்கில் கொழுவும் ஆணிக்குக் கிறீஸ் அப்பி, பழைய ரியூப் ரப்பரால் சுற்றிக் கட்டினோம். மீனெண்ணெய் மணத்துக்குக் கீரியில் உள்ள பூனையெல்லாம் வீட்டுக்கு அடியில் குடியேறின.

புறப்பட்டோம். பாலத்தைக் கடந்து பெருநிலத்தில் ஏறி, தெற்கே திரும்பினோம். மச்சான் வலைகளை ஏற்றிய நாலு சில்லு ரக்டரில் பின்னால் வந்தார். அரிப்பு என்ற ஊரைத் தாண்டியதும் பற்றைப் புதருக்குள்ளிருந்து மாட்டுக் கூட்டம் றோட்டில் பாய்ந்தது. நான் கைப்பிடியை ஒடித்துத் திருப்ப, லாண்ட்மாஸ்டரின் ஒரு சில்லு ஓரக் குழிக்குள் இறங்கிவிட்டது. இயந்திரம் ஒரு பக்கம் முறுக, வீடு மறுபக்கம் இழுக்க, முழுப் பாரமும் புது மூக்கில் தொங்கியது. இரும்பு முனகுவது என் முழங்காலுக்குக் கீழே கேட்டது. பழைய மூக்காக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே முறிந்து, இயந்திரம் என்னையும் இழுத்துக்கொண்டு புரண்டிருக்கும். வீடு, காஸ் சிலிண்டர், அவள் எல்லாம் குப்புற விழுந்திருக்கும்.

முறியவில்லை. நான் எஞ்சினை நிறுத்துவதற்குள் அவள் குதித்து இறங்கி, அடியில் தலையை நீட்டிப் பார்த்து, றோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கக் கத்தினாள்: "மூக்கு நேராத்தான் நிக்குது! ஒரு வெடிப்பும் இல்லை!"

மச்சான் ஓடி வந்து ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். தன் ரக்டரில் கயிறு கட்டி எங்களை இழுத்து மேலே ஏற்றினார்.

முள்ளிக்குளத்தில் வாடிக்குத் தடி நட்டுக்கொண்டிருந்த நேரம் போய் நின்றோம். வேறு கடை எதுவும் வந்திருக்கவில்லை. யன்னல் திறந்தது, அடுப்பு பற்றியது. "தேத்தண்ணி மீன் மணக்குது" என்று மச்சான் முதல் கோப்பையைக் குடித்தார். "நீங்கள் மணக்கிறதை விடக் குறைவுதான் அண்ணை, குடியுங்கோ" என்றாள் என் மனைவி. சிரித்துக்கொண்டே வரிசையாக எல்லோரும் வந்தார்கள். அந்தப் பருவம் எங்களுடையதாயிற்று. மச்சான் கோப்பையை வைத்துவிட்டு என் காதருகில் கேட்டார்: "அந்தத் துளை போடுற மெசினை ஒருக்காத் தாவன். என்ர படகு ஏத்துற வண்டியையும் பார்ப்பம்."

இப்போதும் இடம் மாறும் முன் வீட்டுக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பார்க்கிறேன். நாலு சொட்டுத் தண்ணீர் என் முகத்தில் விழுந்தால், இன்னும் நெடுந்தூரம் போகலாம் என்று மனம் துள்ளுகிறது.