பரணில் இருந்த சண்டை

1956இல் சலாஹுதீனுக்கு முப்பது வயது. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தில் கடைக்குட்டி. கடையில் உட்காரப் பிடிக்காமல் சென்னைக்குச் சரித்திரம் படிக்கப் போனவர். கடலோரத் தமிழ் முஸ்லிம்கள் வீட்டுப் பேச்சைக்கூட அரபு எழுத்தில் எழுதிக்கொண்டார்கள் என்பது அவருடைய ஆய்வு. பரீட்சகர் நம்பவில்லை. திங்கட்கிழமை ஆதாரம் மேஜைக்கு வராவிட்டால் பட்டம் கிடையாது என்று கெடு வைத்துவிட்டார்.

ஆதாரம் பெரியம்மா ஜெய்னம்புவின் பரணில் இருந்தது: கொள்ளுப்பாட்டி காலத்துக் கடிதக் கட்டு. ஞாயிறு காலை பொன்னேரியில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து வந்து பார்த்தால் பரண் துடைத்துக் கிடக்கிறது.

"பெரியம்மா, அந்தக் கட்டு எங்க?"

"நோம்பு வருதேன்னு ஊட்ட சுத்தம் பண்ணேன்டா. ஒரே செல்லு அரிச்சுக் கெடந்துது. அரபு எழுத்தாச்சே, குப்பைல போடலாமா? ஏரில சேக்கச் சொல்லி தோணிக்கார அசன் முகைதீனாண்ட குடுத்தேன். இப்பத்தான் போறாரு."

குர்ஆன் ஓதும் எழுத்து கால்பட்டுவிடக் கூடாதென்று கல்லைக் கட்டித் தண்ணீரில் விடுவது அங்கே வழக்கம்.

சலாஹுதீன் ஓடிய ஓட்டத்தில் ஏரிப் பூநாரைகள் காலை மாற்ற மறந்தன. பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், மீதி நிஜம். தோணி கரையை விட்டிருந்தது. சட்டையோடு இறங்கினார். தண்ணீர் மார்புக்கு வந்தது. கால் சேற்றில் புதைந்துகொண்டே போனது. நீச்சல் தெரியாது.

"மாமா, போடாதீங்க! அது ஓதுறது இல்ல!"

"அரபுல கீது, இல்லன்றியா? பட்டணத்துல இன்னாதான்டா படிக்கிற?" அசன் முகைதீன் கடிதக் கட்டைத் தோணி விளிம்புக்கு வெளியே நீட்டிவிட்டார்.

"நீங்களே எழுத்துக் கூட்டிப் படிங்க மாமா!"

பள்ளிவாசலில் பொருள் தெரியாமல் ஓதப் படித்தவர் அவர். பயபக்தியோடு மேல்தாளை எடுத்து ஓதத் தொடங்கினார். "உன்... மவ... வச்ச... கொழம்புல... உப்பே... இல்ல..." நிறுத்தினார். "அடப்பாவி! சம்பந்தி சண்டைடா இது!"

"மாமா, கழிய நீட்டுங்க! முழுவுறேன்!"

"இருடா, அந்தம்மா இன்னா பதில் போட்டுச்சின்னு பாத்துடறேன்."

தண்ணீர் மோவாயைத் தொட்டபோதுதான் கழி வந்தது.

திங்கட்கிழமை கட்டோடு அசன் முகைதீனையும் அழைத்துப் போனார். அவர் வாசிக்க வாசிக்க, பரீட்சகர் மூன்றாம் கடிதத்திலேயே பட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார். ஏழாவது வரை எழுந்திருக்கவில்லை.

செய்தி கேட்ட ஜெய்னம்புவுக்கு மகிழ்ச்சியில்லை. "அப்ப முப்பது வருசமா அந்தச் சண்டைக்காடா நான் வெள்ளிக்கிழமை தவறாம சாம்பிராணி போட்டேன்?"