டம்ளரின் அடியில் ஒரு வாய்

அழகிரி மதுக்கடைப் பக்கம் ஒதுங்கியவர்கூட இல்லை. திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாயங்கால போண்டாவைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. அப்படிப்பட்ட மனிதருக்கு ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்தால் ஊர் சும்மா இருக்குமா? "கமுக்கமா ஊத்தியிருக்காரு மனுஷன்" என்று பக்கத்து வீட்டு பிச்சமுத்து சிரித்தார். அழகிரி வாதாடவில்லை. அவருக்காக வாதாடக்கூடியவள் மனைவி மட்டுவார்குழலி ஒருத்திதான். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

தீராத வயிற்று எரிச்சலுக்காக டாக்டர் யாழினி இன்னொரு டெஸ்ட் எடுத்தார். இரைப்பையில் ஒரு கிருமி இருந்தது.

"கல்லீரல் கொழுப்புக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு சொல்றாங்கய்யா. இன்னும் உறுதியாகல. ஆனா கிருமியை விட்டுவைக்க வேண்டாம். மாத்திரை தரேன். போண்டாவை நிறுத்திட்டு நல்லா நடங்க."

"இது எப்படிங்க வந்துச்சு?"

"பெரும்பாலும் வாய் வழியாத்தான். சின்ன வயசுலயே வந்திருக்கலாம், கூடச் சாப்பிட்டவங்ககிட்டேருந்தும் வந்திருக்கலாம். வீட்ல உங்ககூட சாப்பிடுறது யாரு? அவங்களையும் பாத்துடலாம்."

"யாரும் இல்லைங்க."

சின்ன வயசு என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. குழலிக்கும் இதே எரிச்சல் உண்டு. கடைசி மாதங்களில் கஞ்சி குடிக்கும்போது டம்ளரின் அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்து, "இது உங்களுக்கு" என்று நீட்டுவாள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். அவரும் மறுபேச்சில்லாமல் குடிப்பார்.

அவள் தந்ததுதான் இது என்று மனிதர் முடிவே கட்டிவிட்டார். அவள் புடவைகளை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தாயிற்று. நகைகளை மகள் ப்ரீத்தி பெங்களூருக்கு எடுத்துப் போய்விட்டாள். அவளிடமிருந்து வந்ததில் இன்னும் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். அதைக் கொல்ல மாத்திரையா? அட்டையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்தார். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் தனியாக இருந்து பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

ப்ரீத்தி போனில் கேட்டாள். "மாத்திரை போடுறீங்களாப்பா?"

"போடுறேம்மா."

"அம்மாவும் இப்படித்தான் போடுறேன் போடுறேன்னு ஏமாத்துனாங்க."

அழகிரி போனை வைத்துவிட்டு அட்டையைப் பிரித்தார்.

மருந்து முடிந்து சில வாரம் கழித்து டாக்டர் ஒரு பையில் மூச்சை ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்துப் பார்த்தார். "கிருமி போயிடுச்சுய்யா. சந்தோஷமா போயிட்டு வாங்க."

தலையாட்டிவிட்டு வந்தவர், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார்.

வீட்டில் கஞ்சி வைத்துக் குடித்தார். கீழே வைக்கப் போகும்போதுதான் பார்த்தார், டம்ளரின் அடியில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. யாருக்கென்று வைத்தோம்? கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதையும் தானே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.