நாலாம் நாள் கையெழுத்து

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் நான் ரைட்டராக இருந்தபோது அந்த அம்மா வந்தார். நடவு வயலிலிருந்து நேராக வந்திருந்தார், நகங்களில் சேறு. மருமகன் மகளை அடிப்பதாக முன்பே ஸ்டேஷன் வாட்ஸ்அப்புக்குப் புகார் அனுப்பியிருந்தார். பேச்சுக்குப் பேச்சு போனை எடுத்து, செய்தியின் கீழிருந்த நீல டிக்கைக் காட்டினார். பார்த்தது நான்தான்.

“பாத்துட்டீங்க, வருவீங்கன்னு இருந்தேன் சார்.”

“புதுச் சட்டப்படி மூணு நாளுக்குள்ள நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா. இன்னைக்கு நாலாவது நாள்.”

“நேத்துதான் எங்க வீட்டுலேந்து அவளை இழுத்துட்டுப் போனான்.”

புதிதாகப் புகார் எழுதினேன்.

“முதல் நாள் தேதியே போட்டுக்கலாமா சார்?”

முடியாது என்றேன். தலையாட்டிவிட்டு, எழுத்துக்கூட்டிக் கையெழுத்திட்டார்.

நாங்கள் போனபோது மருமகன் வீடு பூட்டிக் கிடந்தது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.