சித்தப்பாவிடமிருந்து வந்த பாட்டு

வயலின் என்றால் எல்லாம் ஒரே வயலின்தான் என்று அம்மா நினைத்ததில் தொடங்கியது இந்தக் கூத்து. லண்டனில், நோர்பரியில், நான் படித்த பள்ளிக்கூடத்தில் இலவசமாக வயலின் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் ஓடிப்போய் என் பெயரைக் கொடுத்துவிட்டார். தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் பட்டுப்பாவாடை கட்டி, நிலத்தில் சம்மாணமிட்டு இருந்து நான் ஒரு கீர்த்தனை வாசிப்பதை அவர் அப்போதே மனக்கண்ணால் பார்த்து முடித்திருந்தார். பழக்க வந்த ஆசிரியையோ ஸ்கொட்லாந்தின் வடக்கே ஏதோ ஒரு தீவில் பிறந்தவர். நின்றுகொண்டு, சப்பாத்தால் தரையைத் தட்டித் தட்டி, தங்கள் ஊர் ஆட்டப் பாட்டுகளைத்தான் சொல்லிக் கொடுத்தார். அம்மாவுக்கு விஷயம் விளங்கியபோது எனக்கு நாலைந்து பாட்டுகள் பாடமாகியிருந்தன.

தமிழ்ப் பள்ளியில் வயலின் படித்த பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர்களுடைய வயலினின் சுருதியே வேறு. அவர்களோடு சேர்ந்து எனக்கு ஒரு வரி வாசிக்க ஏலாது. பிறகு ஆசிரியை பள்ளிக்கு வெளியே நடத்திய ஸ்கொட்லாந்துப் பாட்டு வகுப்பில் சேர்ந்தேன்; அங்கேயும் அதே கதைதான். வந்தவர்கள் எல்லோருக்கும் கோடை விடுமுறைக்குப் போக ஸ்கொட்லாந்தில் ஒரு பாட்டன் வீடு இருந்தது. இடைவேளையில் அவர்கள் அந்த வீடுகளைப் பற்றியே பேசினார்கள். நான் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு இடத்திலும் நான் தனித்துத்தான் நின்றேன். அதை வீட்டில் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

என்னை வகுப்புக்குக் கூட்டிப்போனவர் சித்தப்பா. எங்கள் வீட்டின் மிகச் சின்ன அறையில், கட்டில் போட்டால் கதவு திறக்காத அறையில், அவர் இருந்தார். அவருடைய அகதி வழக்கு முடியவில்லை. முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. அப்பா பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், அம்மா முதியோர் இல்லத்தில் ஷிப்ட். “சும்மா இருக்கிற மனுசன்தானே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும்” என்று அப்பா சொன்னார். சித்தப்பா அதைக் காதில் வாங்காதவர்போலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார்.

வகுப்பு நடக்கும்போது அவர் வெளி நடையில் ஒரு கதிரையில் இருப்பார். கதவு வழியாக வந்த பாட்டுகள் அவருக்கும் பாடமாகிவிட்டன. கோப்பை கழுவும்போது முணுமுணுப்பார். அதிலும் நான் ஒரு போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்த மெதுவான பாட்டில், மூன்றாவது அடி முடியும் இடத்தில், ஒரு சுரத்தை இழுத்து அசைத்துவிட்டுத்தான் இறங்குவார். அது பிழை, அங்கே நேராக இறங்க வேண்டும் என்று நான் சண்டை பிடிப்பேன். “எனக்கு அப்பிடித்தான் வருது பிள்ளை, நான் என்ன செய்ய?” என்பார். ஒவ்வொரு நாளும் கேட்டுக் கேட்டு என் விரலுக்கும் அந்த அசைவு ஒட்டிக்கொண்டது. ஆசிரியை புருவத்தை உயர்த்தினாலும் திருத்தவில்லை.

போட்டி லண்டன் நடுவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. முதல் மூன்று இடங்களில் வருபவர்கள் இறுதிச் சுற்றுக்கு ஸ்கொட்லாந்து போகலாம். போனால் வகுப்பில் எனக்கும் பேச ஒரு கதை கிடைக்கும். அந்த ஒரு ஆசைக்காகத்தான் நான் விரல் நோகப் பழகினேன்.

அந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் ஏறியவுடன் வில்லைத் தூக்கிவிடக் கூடாது. இந்தப் பாட்டு எனக்கு இன்னாரிடமிருந்து வந்தது என்று சபைக்கு முதலில் சொல்ல வேண்டும். காது வழியாக ஆளிடமிருந்து ஆளுக்கு வந்த பாட்டுகள் என்பதால் அது அவர்களுக்குப் பெரிய விஷயம். “என்னிடமிருந்து வந்தது என்று சொல், அது போதும்” என்று ஆசிரியை சொல்லிவைத்திருந்தார்.

எங்களைத் தவிர எல்லோரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பெடியன்கள் ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பாவாடையும் நீளக் காலுறையும் அணிந்திருந்தார்கள். சித்தப்பா கல்யாண வீடுகளுக்கென்று அப்பா வைத்திருந்த கோட்டை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். கை நீளம் காணாது. அம்மா கட்டித் தந்த மீன் ரோல்ஸை மண்டபத்துக்குள் திறந்தால் மணக்கும் என்று படிக்கட்டுக்குக் கீழே நின்று தின்றோம்.

எனக்கு முன்னால் ஏறியவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்திக்கு அவளுடைய பாட்டனிடமிருந்து வந்ததாம். இன்னொருவனுக்குத் தாயிடமிருந்து. அந்தத் தாய் முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்தார். ஆசிரியையிடமிருந்து வந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. என் முறை வந்தது. மேடையில் நின்று பார்த்தால் எனக்கென்று வந்த முகம் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், சித்தப்பா மட்டும்தான். இந்தப் பாட்டு எனக்கு என் சித்தப்பாவிடமிருந்து வந்தது என்று ஆங்கிலத்தில் சொல்லி, அவருடைய முழுப்பெயரையும் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னேன்.

சித்தப்பா விறுக்கென்று எழுந்து நின்றார்.

அவருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. தன் பெயர் மட்டும்தான் விளங்கியிருக்க வேண்டும். ஒரு கை கோட்டின் உள்பைக்குள் போய் எதையோ தேடியது. முகம் வெளிறிப்போயிருந்தது. சபை திரும்பிப் பார்த்தது. பாட்டின் சொந்தக்காரர் எழுந்து வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துப் பலமாகக் கை தட்டியது. இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லாததால் அவர் நின்றபடியே நின்றார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவரைப் பார்க்காமல் வாசித்து முடித்தேன்.

இறங்கியதும் நடுவர்களில் ஒரு நரைத்த பெண்மணி நேரே சித்தப்பாவிடம் போனார். சித்தப்பாவிடமிருந்து வந்தது என்ற பொய் பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன். அவரோ, மூன்றாவது அடியில் வரும் அந்த அசைவை இதுவரை கேட்டதில்லை, பாடிக் காட்ட முடியுமா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, கோப்பை கழுவும்போது பாடும் அதே குரலில் பாடினார். பெண்மணி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, நீங்கள் எந்தத் தீவு என்றார். தீவு என்ற ஆங்கிலச் சொல் சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது. “புங்குடுதீவு” என்று தான் பிறந்த தீவின் பெயரை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஸ்கொட்லாந்தின் வடக்கே, தான் இன்னும் போகாத தீவு ஒன்று உண்டாக்கும் என்பதுபோல அந்தப் பெண்மணி மரியாதையாகத் தலையாட்டினார்.

மூன்று பெயர்களைக் கூப்பிட்டார்கள். என் பெயர் இல்லை. நல்ல வாசிப்பு, ஆனால் போட்டிக்கு வேண்டிய முறைக்குள் முழுதாக நிற்கவில்லை என்றார் ஆசிரியை. என்னை அணைத்துவிட்டு, தேர்வான பிள்ளைகளின் பக்கம் போனார்.

பஸ்ஸின் மேல்தட்டில் நான் அழுதுகொண்டு வந்தேன். வழியில் ஸ்ட்ரெதம் வந்தபோது சித்தப்பா மெதுவாகக் கேட்டார்.

“என்னை ஏன் பிள்ளை கூப்பிட்டனீ?”

“கூப்பிடேல்லை. பாட்டு உங்களிட்ட இருந்து வந்ததெண்டு சொன்னனான்.”

“என்ர பேரையோ?”

“ஓம்.”

“எப்பிடிச் சொன்னனீ? சொல்லிக் காட்டு.”

சொல்லிக் காட்டினேன். சித்தப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பிச் சிரித்தார். கொஞ்சத்தில் மறுபடியும் திரும்பி, “இன்னொருக்காச் சொல்லு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. நான் தோற்றுப்போய் அழுகிறேன், இந்த மனுசன் தன் பெயரைக் கேட்டுச் சிரிக்கிறார். எனக்கென்று இருந்த ஒரே ஆளும் என் பக்கம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு இருந்த தனிமை எனக்கு வேறு எப்போதும் இருந்ததில்லை.

பல வருடம் கழித்து, வளர்ந்த பிறகு, மொழிபெயர்ப்பதற்காக அவரோடு ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அவருடைய பெயரில் பாதியை உடைத்துக் கூப்பிட்டாள். அந்தப் பாதிக்கே சித்தப்பா விறுக்கென்று எழுந்தார். கை உள்பைக்குப் போய் அடையாள அட்டையை எடுத்தது. முகம் அதே மாதிரி வெளிறியது. இந்த நாட்டில் அவருடைய பெயரை ஒருவர் கூப்பிட்டால் எதையாவது காட்ட வேண்டும், எதற்காவது பதில் சொல்ல வேண்டும். முழுப்பெயரையும் கேட்டு அவர் எழுந்து நிற்க, அவரிடம் எதையும் கேளாமல் ஒரு சபை கை தட்டியது அந்த மண்டபத்தில் மட்டும்தான். அன்றைக்குப் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் இருந்து நான் என் பெயரைக் கூப்பிடவில்லை என்று அழுதுகொண்டிருந்தேன்.