செல்லும், செல்லாது

பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பதுதான் இருபத்தெட்டு வருடமாக அவர் வேலை. டெப்போவில் அவருக்குப் பட்டப்பெயரே 'செல்லாது'. ஒருநாள் டிக்கெட் இல்லாமல் மாட்டிய ஆள் ஒருவன், "நான் இந்த பஸ்லதான் இருக்கேன்னு உங்களால நிரூபிக்க முடியுமா சார்?" என்று கேட்டுத் தொலைத்தான். அபராதம் போட்டாயிற்று. பதில்தான் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் மனுஷன் போய் மாலைக் கல்லூரியில் தத்துவப் படிப்பில் சேர்ந்துவிட்டார்.

மற்ற பாடமெல்லாம் எப்படியோ தேறிவிட்டது. தர்க்கம்தான் கழுத்தை அறுத்தது. இரண்டு தடவை கோட்டைவிட்டாயிற்று. மூன்றாவதும் போனால் பெயரையே அடித்துவிடுவார்கள். இத்தனைக்கும் கேள்வி என்ன? ஒரு வாதத்தைக் கொடுத்து, செல்லுமா செல்லாதா என்று கேட்பார்கள். அவருக்குச் சொல்லித் தரவா வேண்டும்!

'யானைகள் எல்லாம் பறக்கும். பூனை ஒரு யானை. ஆகவே பூனை பறக்கும்.' பார்த்தவுடனே 'செல்லாது' என்று எழுதிவிட்டு வந்தார். பூஜ்யம். முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டால் மூன்றாவது வந்தே தீரும், அதனால் வாதம் செல்லும் என்றார் பேராசிரியர். பச்சைப் பொய்யைச் செல்லும் என்று எழுத இவருக்குக் கை வருவேனா என்றது.

தேர்வுக்கு முதல் நாள் சமையலறை வாசலில் நின்று புலம்பினார். "இந்தத் தடவையும் ஊத்திக்கும் போலிருக்கு. அவமானமா இருக்கு."

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே பூனைக் கதையைக் கேட்டாள்.

"ஒருத்தன் வீட்ல பொய் சொல்லிட்டு பஸ்ல சினிமாவுக்குப் போறான். இறக்கி விடுவீங்களா?"

"டிக்கெட் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் எதுக்கு இறக்கணும்? அவன் சொன்ன பொய் அவன் பாடு."

"அதைத்தானே உங்க வாத்தியாரும் தலைதலையா அடிச்சுக்கிறாரு!"

நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

ஐம்பத்தாறு மதிப்பெண். முடிவு வந்த அன்று தாளை அவளிடம் நீட்டினார். அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"தத்துவம் படிச்சவங்க எல்லாம் பொண்டாட்டி பேச்சைக் கேப்பாங்க. நீங்க தத்துவம் படிச்சிட்டீங்க. அதனால நீங்க என் பேச்சைக் கேப்பீங்க. செல்லுமா?"

முதல் வரியிலேயே ஓட்டை. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"செல்லும்" என்றார். சந்தோஷச் சிரிப்பில் சொல் குழைந்துவிட்டது. அவள் காதில் அது 'செல்லம்' என்று விழுந்தது. அவர் திருத்தவில்லை.